கண்ணை அழுத்தினால் ஏன் வெளிச்சம் தெரிகிறது?

இருட்டான அறையில் கண்களை மூடிக்கொள்ளுங்கள். மூடிய இமைக்குள்ளேயே பார்வையை இடப்பக்கம் திருப்பி, வலது கண்ணின் காதோர முனையில் இமையின் மேல் விரலை வைத்து மெல்ல அழுத்துங்கள். (கண்ணில் அறுவை சிகிச்சை ஆனவர்களும், கண் அழுத்த நோயோ விழித்திரைக் கோளாறோ உள்ளவர்களும் இதைச் செய்ய வேண்டாம்.) மூக்கோரமாக மங்கலான ஒரு வட்டமோ வளையமோ தெரியும். அழுத்தியது வலப்பக்கம், தெரிவது இடப்பக்கம். விரல் கொடுத்தது அழுத்தம், கிடைத்ததோ வெளிச்சம்.

இடம் மாறியதற்குக் காரணம் எளிது. கண்ணின் ஒளியியல் அமைப்பு பிம்பத்தைத் தலைகீழாகவும் இடவலம் மாற்றியும் விழித்திரையில் விழச் செய்கிறது. காதோர விழித்திரைக்கு வரும் ஒளி எப்போதும் மூக்குப் பக்க உலகிலிருந்தே வந்திருக்கிறது. ஆகவே அங்கிருந்து எந்தச் செய்தி வந்தாலும் அது மூக்குப் பக்கத்துச் செய்திதான் என்று மூளை எடுத்துக்கொள்கிறது. அழுத்தம் வெளிச்சமாக மாறியதைத்தான் சற்று யோசிக்க வேண்டும். 1830களில் ஜெர்மானிய உடலியலாளர் யோகன்னஸ் முல்லர் இதை ஒரு விதியாகவே எழுதினார்: ஒரு நரம்பை எதனால் தூண்டினாலும், அது தனக்குரிய உணர்வை மட்டுமே தரும். பார்வை நரம்பில் ஓடும் மின்துடிப்பும் செவி நரம்பில் ஓடும் மின்துடிப்பும் ஒரே சாயல்தான். சுமார் 0.1 வோல்ட் உயரம், ஏறத்தாழ 1 மில்லி விநாடி நீளம். அந்தத் துடிப்பில் நிறமும் இல்லை, சுருதியும் இல்லை. வந்தது என்ன என்பதை, அது வந்து சேர்ந்த விலாசத்தை வைத்தே மூளை முடிவு செய்கிறது.

அந்த விலாசங்கள் பெரும்பாலும் இருப்பது பெருமூளைப் புறணியில். மூளையின் மேல் போர்த்திய இந்தச் சாம்பல் நிறப் போர்வையின் தடிமன் 2 முதல் 4 மி.மீ. விரித்து வைத்தால் 2,000 சதுர செ.மீ.க்குச் சற்றுக் கூடுதல். அதில் மூன்றில் இரண்டு பங்கு மடிப்புகளுக்குள் மறைந்து கிடக்கிறது. மொத்த மூளையிலுள்ள சுமார் 8,600 கோடி நியூரான்களில் புறணிக்குக் கிடைத்தது 1,600 கோடிதான். மிச்சத்தில் மிகப் பெரும்பகுதி பின்னால் இருக்கும் சிறுமூளையில் அடைந்திருக்கிறது.

வெறும் கண்ணுக்குப் புறணி எங்கும் ஒன்றுபோலத்தான் தோன்றும். 1776இல் பார்மா நகரில் மருத்துவ மாணவராக இருந்த பிரான்செஸ்கோ ஜெனாரி, உறைய வைத்த மூளையை அறுத்துப் பார்க்கும்போது பிடரிப் பக்கத்துப் புறணியில் மட்டும் நடுவே ஒரு வெள்ளைக் கோடு ஓடுவதைக் கவனித்தார். அது எதற்கு என்று அவருக்குத் தெரியாது. பார்வைக்குரிய முதன்மைப் புறணியின் எல்லையை அந்தக் கோடுதான் காட்டுகிறது என்பது பிறகே விளங்கியது. 1909இல் கோர்பினியன் பிராட்மன், செல்கள் அடுக்கப்பட்டிருக்கும் விதத்தை வைத்துப் புறணியைப் பகுதி பகுதியாகப் பிரித்து எண்ணிட்டார். பார்வைக்கு 17, தொடுவுணர்வுக்கு 3, 1, 2, கேட்டலுக்கு 41, 42. நரம்பியல் மருத்துவர்கள் இன்றும் இந்த எண்களைச் சொல்லித்தான் பேசிக்கொள்கிறார்கள்.

இனி ஒரு செய்தி வரும் வழி. ஒவ்வொரு கண்ணிலும் ஒளியை உணரும் செல்களாக ஏறக்குறைய 12 கோடி கோல் செல்களும் 60 லட்சம் கூம்பு செல்களும் இருக்கின்றன. ஆனால் கண்ணை விட்டு வெளியேறும் பார்வை நரம்பில் சுமார் 10 லட்சம் நார்கள்தான். நூற்றுக்கு ஒன்று என்ற சுருக்கம். தூக்கி எறியப்படுவது எது? ஒரே சீராக இருப்பவை. விழித்திரையிலிருந்து மூளைக்கு நார் அனுப்பும் வெளியேற்றச் செல் ஒன்று, தான் கவனிக்கும் வட்டத்தின் நடுவில் ஒளி கூடினால் துடிக்கும், சுற்றோரத்திலும் அதே அளவு கூடினால் அடங்கிவிடும் (இதற்கு நேர்மாறான வகையும் உண்டு). வெள்ளைச் சுவரின் நடுப்பகுதியைப் பற்றி அது சொல்வது கொஞ்சமே, சுவரின் விளிம்பைப் பற்றி நிறையச் சொல்லும். ஆக, புறணிக்கு முதலில் வந்து சேர்வதைப் படம் என்று சொல்வது பொருந்தாது. அது வேறுபாடுகளின் பட்டியல்.

கண்ணை விட்ட செய்தி புறணிக்குப் போகும் வழியில் முதலில் நிற்பது மூளையின் நடுவிலுள்ள தலாமஸில். பார்வைக்கு ஒரு முடிச்சு, கேட்டலுக்கு ஒன்று, உடலின் தொடுவுணர்வுக்கு ஒன்று, முகத்துக்கு ஒன்று எனத் தனித்தனி நிலையங்கள் அதில் உண்டு. வாசனை மட்டும் இந்த வரிசையில் நிற்பதில்லை. மூக்கின் மேல் கூரையிலிருந்து முகர்வுக் குமிழுக்குச் சென்று, தலாமஸைத் தொடாமலேயே புறணியின் பழமையான ஒரு பகுதிக்குள் நுழைந்துவிடுகிறது.

தலாமஸைத் தபால் நிலையம் என்று பாடநூல்கள் எழுதுவது பாதி உண்மை. பார்வைக்கான தலாமஸ் செல்களில் வந்து முடியும் இணைப்புகளை எண்ணிப் பார்த்தபோது, விழித்திரையிலிருந்து வருபவை 5 முதல் 10 சதவீதம் மட்டுமே. அதைப்போல் பல மடங்கு இணைப்புகள் புறணியிலிருந்து கீழிறங்கி வருகின்றன. மற்றவை மூளைத்தண்டிலிருந்தும், பக்கத்திலிருக்கும் அடக்கும் செல்களிலிருந்தும் (மற்ற செல்களின் துடிப்பைக் குறைப்பவை) வருபவை. அனுப்ப வேண்டிய கடிதத்தில் பாதியை மேலிடமே எழுதிக் கொடுக்கும் நிலையத்தைத் தபால் நிலையம் என்று எப்படிச் சொல்வது?

புறணிக்குள் நுழைந்த பின்னும் இதே கதைதான். ஆறு அடுக்குகளில், புலன் செய்தி பெரும்பாலும் இறங்குவது நான்காம் அடுக்கில். அங்கிருந்து மேலே இரண்டு, மூன்றாம் அடுக்குகளுக்குப் போய், அவற்றின் வழியாகப் பக்கத்துப் புறணிப் பகுதிகளுக்குச் செல்கிறது. ஐந்தாம் அடுக்கு மூளைத்தண்டு, தண்டுவடம் போன்ற கீழ்ப்பகுதிகளுக்கு அனுப்பும். ஆறாம் அடுக்கு வந்த வழியே தலாமஸுக்குப் பதில் எழுதும். வரவேற்பறையான நான்காம் அடுக்கில்கூட, தூண்டும் இணைப்புகளில் தலாமஸிலிருந்து வருபவை ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான். எஞ்சியவை புறணியின் சொந்தப் பேச்சு.

இவ்வளவு சிறுபான்மைக் குரல் எடுபடுவது எப்படி? ஒவ்வொரு இணைப்பும் தனித்தனியே பலவீனமானதுதான். ஆனால் கண் முன்னே ஒரு விளிம்பு அசையும்போது பல தலாமஸ் செல்கள் ஒரே கணத்தில் துடிக்கின்றன, எல்லாம் சேர்ந்து ஒரு தள்ளு தள்ளுகின்றன. அதே துடிப்புகள் அடக்கும் நியூரான்களையும் எழுப்புகின்றன. புறணியில் ஐந்தில் ஒரு பங்கு இந்த வகை. சில மில்லி விநாடிகளில் அடக்குதல் வந்து கதவைச் சாத்திவிடும். இந்தக் குறுகிய இடைவெளிக்குள் சேர்ந்து வந்தவை நுழையும், சிதறி வந்தவை வெளியே நிற்கும். அடக்கும் செல்களின் பிடி தளர்ந்தால் துடிப்பு துடிப்பைத் தூண்டிக்கொண்டே போகும். அதன் பெயர் வலிப்பு. வலிப்பு புறணியின் எந்தப் பகுதியில் தொடங்குகிறதோ அந்த விலாசத்தின் அனுபவம்தான் முதலில் வரும். பிடரியில் தொடங்கினால் வண்ண வட்டங்கள், கைக்குரிய இடத்தில் தொடங்கினால் விரல்களில் குறுகுறுப்பு. இந்த முதல் அறிகுறியை நோயாளி துல்லியமாகச் சொல்வது பல நேரங்களில் ஸ்கேனுக்கு இணையான துப்பு.

பார்வைப் புறணி வந்த செய்தியை என்ன செய்கிறது என்பது தற்செயலாகத்தான் பிடிபட்டது. 1958இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் டேவிட் ஹியூபலும் டார்ஸ்டன் வீசலும் பூனையின் புறணிச் செல் ஒன்றில் மின்முனையைச் செருகி, கண்ணாடித் தகட்டில் ஒட்டிய கறுப்புப் புள்ளியைத் திரையில் காட்டிக்கொண்டிருந்தார்கள். செல் அசையவே இல்லை. தகட்டைக் கருவிக்குள் நுழைக்கும்போது மட்டும் படபடவென்று துடித்தது. அது புள்ளிக்காக அல்ல, தகட்டின் விளிம்பு திரையில் வீசிய மெல்லிய நிழல்கோட்டுக்காக. அதுவும் ஒரே சாய்வில் அந்தக் கோடு நகர்ந்தால் மட்டும். பக்கத்தில் மின்முனையை நகர்த்தினால் அடுத்த செல் சற்றே வேறொரு சாய்வை விரும்பும். நேராகக் கீழே இறக்கினால் எல்லாச் செல்களும் ஒரே சாய்வு. புறணி இப்படிச் செங்குத்துத் தூண்களாக அமைந்திருக்கிறது என்பதைத் தொடுவுணர்வுப் புறணியில் வெர்னன் மௌண்ட்காசில் 1957இலேயே காட்டியிருந்தார். ஹியூபலுக்கும் வீசலுக்கும் 1981இல் நோபல் பரிசு கிடைத்தது.

இந்த இடத்தில் எண்களை ஒரு முறை சேர்த்துப் பார்க்க வேண்டும். கண்ணில் 12 கோடிக்கு மேல், நரம்பில் 10 லட்சம், ஒரு பக்க முதன்மைப் பார்வைப் புறணியில் சுமார் 14 கோடி நியூரான்கள். குறுகிய கழுத்தின் வழியாகப் பிழிந்து கொண்டுவந்து, மறுபடி நூறு மடங்குக்கு மேல் விரிக்கிறது. சாய்வு, அசைவு, இரண்டு கண்களுக்கு இடையிலான சிறு வேறுபாடு என்று நரம்பில் தனியாக எழுதப்படாத விஷயங்களை எல்லாம் இந்த விரிந்த இடத்தில்தான் புறணி கணக்குப் போட்டு எடுக்கிறது.

இடப் பங்கீட்டில் புறணிக்குச் சமநீதி கிடையாது. பார்வையின் மையத்திலிருந்து 1 டிகிரி தள்ளியிருக்கும் இடத்தில், பார்வைக் கோணத்தில் ஒரு டிகிரி அளவு உலகுக்குப் புறணியில் கிடைக்கும் நீளம் சுமார் 10 மி.மீ. 10 டிகிரி தள்ளினால் ஒன்றரை மி.மீ. சொச்சம். 40 டிகிரியில் அரை மி.மீ.கூட இல்லை. தோலிலும் இதே பாரபட்சம். ஒரு கம்பித் துண்டை வளைத்து இரு முனைகளையும் 3 மி.மீ. இடைவெளியில் வைத்து, கண் மூடியிருப்பவரின் விரல்நுனியில் தொட்டால் இரண்டு என்பார். முதுகில் தொட்டால் ஒன்று என்பார். இடைவெளியை 4 செ.மீ. அளவுக்கு அகட்டினால்தான் முதுகு இரண்டு என்று ஒப்புக்கொள்ளும். இந்தச் சோதனை பிசகுவது பெரும்பாலும் ஒரே காரணத்தால்: இரு முனைகளும் ஒரே நேரத்தில் தோலைத் தொடுவதில்லை. முன்பின்னாகத் தொட்டால், அந்த நேர வித்தியாசத்தை வைத்தே அவர் இரண்டு என்று கண்டுபிடித்துவிடுவார். இடையிடையே ஒற்றை முனையாலும் தொட வேண்டும். இல்லாவிட்டால் அவர் உணராமலே இரண்டு இரண்டு என்று சொல்லிக்கொண்டே போவார்.

மூளைக்கு வலி தெரியாது என்பதால், மாண்ட்ரியாலில் மூளை அறுவை மருத்துவர் வைல்டர் பென்ஃபீல்ட் விழித்திருக்கும் நோயாளிகளின் புறணியை மின்முனையால் தொட்டு, எங்கே உணர்கிறீர்கள் என்று கேட்டுக் கேட்டுக் குறித்தார். 1937இல் வெளியான அந்த வரைபடத்தில் கால் இரு அரைக்கோளங்களுக்கும் நடுவிலுள்ள பிளவுக்குள் இறங்கிக் கிடக்கிறது. கை வெளிப்பக்கத்தில், அதற்கு அடுத்து முகம். பக்கவாதத்தில் முகமும் கையும் ஒன்றாக மரத்துப்போய்க் கால் தப்பிப்பது ஏன் என்பதற்கு விடை இங்கே இருக்கிறது. வெளிப்பக்கத்துக்கு இரத்தம் கொண்டுசெல்லும் தமனி வேறு, நடுப்பிளவுக்குக் கொண்டுசெல்லும் தமனி வேறு.

தொடுவுணர்வு மேலேறும் பாதையிலும் ஒரு நுணுக்கம். மென்தொடுதலும் மூட்டுகளின் நிலை பற்றிய செய்தியும் தண்டுவடத்தில் அதே பக்கமாக ஏறி, மூளைத்தண்டின் அடிப்பகுதியான முகுளத்தில்தான் மறுபக்கம் தாவுகின்றன. வலியும் சூடும் தண்டுவடத்துக்குள் நுழைந்த சிறிது தூரத்திலேயே தாவிவிடுகின்றன. அதனால் தண்டுவடத்தின் வலப் பாதி மட்டும் வெட்டுப்பட்டால், அதற்குக் கீழே வலக்கால் தொடுதலை இழக்கும், இடக்கால் வலியை இழக்கும். வேகமும் ஒன்றல்ல. தொடுதல் நார்கள் விநாடிக்கு 35 முதல் 75 மீட்டர் வரை ஓடும். மெதுவான வலி நார்கள் விநாடிக்கு ஒரு மீட்டர் அளவில் ஊர்ந்து வரும். கால் கட்டைவிரல் கதவில் இடித்ததும் இடித்தது தெரிகிறது, உடனே சுரீர், பிறகு நிதானமாக வந்து உட்காரும் எரிச்சல். மூன்றும் மூன்று வெவ்வேறு வண்டிகளில் வந்தவை.

மணிக்கட்டு நரம்பைத் தூண்டினால் புறணியில் சுமார் 20 மில்லி விநாடியில் பதில் எழும், கணுக்காலில் தூண்டினால் சுமார் 37 ஆகும். ஒலி 20 மில்லி விநாடிக்குள் செவிப்புறணிக்கு வந்துவிடும். ஒளி அதைவிடத் தாமதம், ஏனென்றால் விழித்திரையில் ஒளி மின்துடிப்பாக மாறுவது பல படிகள் கொண்ட இரசாயன வேலை. ஆனாலும் கைதட்டுவதைப் பார்க்கும்போது ஓசையும் காட்சியும் ஒட்டியே தெரிகின்றன. சில பத்து மில்லி விநாடி வித்தியாசத்தைப் புறணி பொறுத்துக்கொண்டு ஒரே நிகழ்வாக முடிச்சுப் போட்டுவிடுகிறது. முரண்பட்ட செய்தி வந்தால்கூட முடிச்சுப் போடவே பார்க்கும். 1976இல் மெக்கர்க், மெக்டொனால்ட் இருவரும் காட்டியது இது: காதுக்குப் ‘பா’ என்ற ஒலி, கண்ணுக்குக் ‘கா’ என்று சொல்லும் வாய். பலருக்குக் கேட்பது இரண்டும் அல்ல, ‘டா’ போன்ற ஒன்று. வித்தை தெரிந்த பிறகும் அப்படியேதான் கேட்கும். கண்ணை மூடினால் சட்டென்று ‘பா’ திரும்பிவிடும்.

முதன்மைப் பார்வைப் புறணிக்குப் பிறகு செய்தி கிளை பிரிகிறது. காதோர நெற்றிப்பொட்டுப் பக்கம் போகும் கிளை இது என்ன என்பதற்கு, உச்சிப் பக்கம் போகும் கிளை இது எங்கே, இதை எப்படிப் பிடிப்பது என்பதற்கு. அசைவைக் கவனிக்கும் பகுதி இருபுறமும் கெட்டுப்போன ஒரு பெண்மணியைப் பற்றி 1983இல் எழுதியிருக்கிறார்கள். தேநீர் ஊற்றும்போது திரவம் உறைந்து நிற்பதாகவே அவருக்குத் தெரிந்தது, கோப்பை நிரம்புவதைக் காண முடியவில்லை. நிறமும் வடிவமும் அவருக்குத் தெரிந்தன. முதன்மைப் பார்வைப் புறணியே போனவர்கள் சிலர், ஒன்றும் தெரியவில்லை என்று சொல்லிக்கொண்டே, ஊகமாகக் காட்டச் சொன்னால் ஒளி இருக்கும் திசையைச் சரியாகக் காட்டுகிறார்கள். உளவியலாளர் லாரன்ஸ் வைஸ்கிராண்ட்ஸ் 1974இல் இதற்குக் குருட்டுப்பார்வை என்ற பொருளில் பெயரிட்டார். கண்ணிலிருந்து நடுமூளைக்குப் போகும் பழைய கிளை வழி ஒன்று பிழைத்திருப்பதுதான் இதற்குச் சொல்லப்படும் முக்கியக் காரணம்.

விலாசங்கள் பிறவியிலேயே கல்லில் வெட்டப்பட்டவையா? நரம்பியல் ஆய்வாளர் மிருகங்கா சுர் தலைமையிலான குழு, பிறந்த ஃபெரட் (கீரி போன்ற சிறு விலங்கு) குட்டிகளில் தலாமஸின் கேட்டல் நிலையத்துக்குக் காதிலிருந்து வரும் இணைப்பை நீக்கி, விழித்திரை நார்கள் அங்கே வளரும்படி செய்தது. செவிப்புறணியாக ஆகவேண்டிய இடத்தில், சாய்வைக் கண்டுபிடிக்கும் செல்கள் வரைபட ஒழுங்கோடு உருவாகியிருப்பதை 2000இல் அறிவித்தார்கள். அந்த வரைபடம் அசலைவிடச் சற்று ஒழுங்கு குறைந்தது என்றாலும், அந்த விலங்குகள் அங்கே வந்த செய்தியை ஒளியாகவே எடுத்துக்கொண்டன.

ஆனால் இந்த நெகிழ்வுக்குக் கெடு உண்டு. பூனைக்குட்டியின் ஒரு கண்ணை முதல் சில மாதங்கள் மூடி வைத்தால், புறணியில் அதற்குரிய இடத்தைத் திறந்த கண் கைப்பற்றிக்கொள்ளும். பிறகு திறந்துவிட்டாலும் திரும்பக் கிடைப்பது சொற்பம். குழந்தைகளின் சோம்பேறிக் கண் இதே கோளாறுதான். கண்ணில் பழுதில்லை, புறணியில் இடமில்லை. அதனால்தான் நல்ல கண்ணை மூடி வைக்கிறார்கள், மிதமான நிலைக்கு நாளுக்கு 2 மணி நேரம், கடுமையானதற்கு 6 மணி நேரம் என்பது வழக்கமான அளவு. ஏழு வயதுக்குள் தொடங்கினால் பலன் அதிகம். பெரும்பாலும் தோற்பது, குழந்தை ஓரத்தின் வழியாக எட்டிப் பார்ப்பதாலும், கண்ணாடிக்கான பவரை முதலில் சரிசெய்யாமல் விடுவதாலும்தான். அளவுக்கு மீறி மூடினால் நல்ல கண்ணே மங்கக்கூடும் என்பதால் இடையிடையே சோதிக்க வேண்டும். பிறவிக் கண்புரை என்றால் இன்னும் அவசரம், ஒரு கண்ணில் மட்டும் அடர்த்தியாக இருந்தால் பிறந்து இரண்டு மாதங்களுக்குள் அறுவை சிகிச்சை முடிந்திருக்க வேண்டும்.

செய்தியே வராவிட்டாலும் புறணி சும்மா இருப்பதில்லை. முதுமையில் பார்வை மங்கியவர்களில் சிலருக்கு, புத்தி முழுத் தெளிவோடு இருக்கும்போதே, முகங்களும் பூவேலைப்பாடுகளும் ஊர்வலம்போலத் தெரியும். சார்லஸ் போனே நோய்க்குறி என்று இதற்குப் பெயர். மனநோய் என்று பயந்து பலர் வெளியே சொல்வதே இல்லை.

ஒற்றைத் தலைவலிக்கு முன் தெரியும் மின்னும் வளைவு இதைவிடப் பொதுவானது. பார்வையின் மையத்துக்குப் பக்கத்தில் ஒரு சிறு மங்கலாகத் தொடங்கும். அதன் விளிம்பில் கோட்டைச் சுவர்போல வளைந்து வளைந்து ஒளிரும் கோடுகள். 20, 30 நிமிடங்களில் அது ஓரம் நோக்கி விரிந்து மறைந்துவிடும். தொடக்கத்தில் மெதுவாகவும் போகப் போக வேகமாகவும் நகர்வதுபோல் தெரியும். உளவியலாளர் கார்ல் லாஷ்லி தனக்கு வந்த வளைவுகளை நேரம் குறித்து வரைந்து, புறணியில் ஏதோ ஒன்று நிமிடத்துக்கு 3 மி.மீ. வேகத்தில் பரவுகிறது என்று 1941இல் கணக்கிட்டார். 1944இல் அரிஸ்டிடிஸ் லியாவ் முயலின் புறணியில் அதே அளவு வேகத்தில் பரவும், துடிப்புகளை அடங்கச் செய்யும் அமைதி அலை ஒன்றைக் கண்டார். அலையின் வேகம் சீரானதுதான். மையத்தில் ஒரு டிகிரியைக் கடக்க 10 மி.மீ. போக வேண்டும், ஓரத்தில் அரை மி.மீ. போனால் போதும், அவ்வளவுதான் வித்தியாசம். கோடுகள் கோணல் கோணலாகத் தெரிவது, அலையின் முன்விளிம்பு ஒவ்வொரு சாய்வுத் தூணாகத் தூண்டிச் செல்வதால் என்று விளக்கப்படுகிறது.

இப்படி ஏதாவது தெரியும்போது செய்ய வேண்டியது ஒன்றுதான்: ஒரு கண்ணை மூடிப் பாருங்கள், பிறகு மற்றதை. இரு கண்களிலும் ஒரே பக்கத்தில் தெரிந்தால் கோளாறு இரு கண் நார்களும் கலந்த இடத்துக்குப் பின்னால், அனேகமாகப் புறணியில். ஒரே கண்ணில் மட்டும் என்றால் கண்ணிலோ அதன் நரம்பிலோ. இடப்பக்க உலகம் மறைந்தவர்கள் ‘இடது கண் தெரியவில்லை’ என்று வந்து சொல்வது மிகச் சாதாரணம், மூடிப் பார்க்காததால் வரும் குழப்பம். சில நிமிடங்களில் படிப்படியாகப் பரவி, மின்னி, ஒரு மணி நேரத்துக்குள் போய்விடுவது பெரும்பாலும் ஒற்றைத் தலைவலியின் அலை. அப்படி ஒன்று முதன்முறையாக வந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லிவைக்க வேண்டும். மின்னல் எதுவும் இல்லாமல் பாதிப் பார்வை சட்டென்று அணைந்தால் பக்கவாதம் என்றே எடுத்துக்கொண்டு உடனே கிளம்ப வேண்டும். ஒரே கண்ணில் திடீர் மின்னலும், மிதக்கும் கறுப்புத் துகள்களும், ஓரத்திலிருந்து இறங்கும் திரையும் என்றால் விழித்திரை கிழிந்து பிரிந்துகொண்டிருக்கலாம். அன்றைக்கே கண் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.